காப்பிக் கத்தியா, டீக் கத்தியா?

தையற்காரருக்கு மடக்குக்கத்திப் பைத்தியம். வாங்கி அடுக்கி வைத்து அழகு பார்க்கிற பைத்தியம்கூட இல்லை. எதைக் குடித்தால் எந்தக் கத்தி என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தார். டீ என்றால் இஞ்சி சீவ மரப்பிடி. காப்பி என்றால் கூடவே தின்னும் ரொட்டியை அறுக்கக் கொம்புப்பிடி. எலுமிச்சைச் சாறு என்றால் சிப்பிப்பிடி போட்ட துருப்பிடிக்காத கத்தி. மாறிப்போனால் மனுஷனுக்குத் தொண்டையில் இறங்காது. "குடிக்கிறது வாயா, கத்தியா?" என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

மகள் ஓயவில்லை. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனின் அப்பா, ஒரு பல் டாக்டர், அன்று மாலை வருவதாக இருந்தது. அவர் சரி என்றால்தான் கல்யாணம். சிரிக்கவே தெரியாத மனிதர் என்று பெற்ற பிள்ளையே சொல்லியிருந்தான்.

"அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் கத்தி கண்ணுலயும் படக்கூடாது, பேச்சுலயும் வரக்கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்தார். கொம்புப்பிடியை மட்டும் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார். வருகிறவருக்குக் காப்பிதானே கொடுக்கப்போகிறோம், அது இல்லாமல் எப்படி? ஆசை யாரை விட்டது.

டாக்டரோ காப்பி வேண்டாம் என்றுவிட்டார். "எலுமிச்சைச் சாறு இருந்தா போதும்."

"இதோ, நானே போடறேன்" என்று தையற்காரர் அடுக்களைக்கு ஓடினார். கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குப் போனது. வெட்டிப் பிழிந்து சர்க்கரை கலக்கிய பிறகுதான் அலகைப் பார்த்தார். பழைய இரும்பு, புளிப்புப் பட்டுக் கறுத்திருந்தது. வீட்டில் வேறு பழமும் இல்லை.

டாக்டர் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"எந்தக் கத்தியில வெட்டினீங்க?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. எடுத்து நீட்டினார். டாக்டர் அதை விரித்தார், காதோரம் வைத்து மடக்கினார், அந்த 'டக்' சத்தத்தைக் கண்மூடிக் கேட்டார்.

"இதைப் போய் எலுமிச்சையில வைப்பாங்களா? இது டீக் கத்தியாச்சே!"

"டீயா? யார் சொன்னது? காப்பிக் கத்தி!"

"கொம்புப்பிடி டீக்குத்தான். எங்க வீட்டுல அப்படித்தான்."

"அப்ப உங்க வீட்டுல தப்பாக் குடிக்கறீங்க!"

சொல்லிவிட்டுத்தான் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே!

"நீங்க சொன்னதுதான் சரி. டீக் கத்திதான்" என்றார் மெல்ல.

"மனசாரச் சொல்றீங்களா?"

"இல்லீங்க. பொண்ணுக்காகச் சொல்றேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாப் பல்லும் தெரிந்தது.

"எங்க வீட்டுல நான் கத்தியைப் பத்தி வாயைத் திறந்தாலே எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. எதிர்த்துச் சண்டை போட ஒரு ஆள் இல்லாமத் தவிச்சுப் போயிட்டேன். இது ஒரு நாள்ல தீராது, சம்பந்தி. முதல்ல கல்யாணத்தை முடிச்சுடுவோம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பவே ஆரம்பிங்க. நான் டீ, காப்பி ரெண்டும் கொண்டு வர்றேன்."