வராத ப்ராஸஸருக்கு ஒரு உத்தரவாதக் கடிதம்

1.

இந்தக் கதை கிடைத்தது என் சோம்பேறித்தனத்தால்தான். நாவல் நகராததற்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல்மாடியில் கமர் ஜஹான் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அடுத்த வருஷம் வரப்போகிற ப்ராஸஸர் என் பழைய மதர்போர்டில் வேலை செய்யுமா என்று கேட்கத்தான். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்கவே இல்லை.

2.

முதல் தொடக்கம்: "மின்னணு யுகத்தின் இருண்ட விளிம்பில், தன்னந்தனியாக ஒரு பெண்…"

(அடித்துவிட்டேன். அந்தக் கடையில் நாலு ட்யூப்லைட் எரிகிறது.)

இரண்டாவது: கமர் ஜஹானுக்கு அன்று ஒரு ஆர்டர் தேவைப்பட்டது.

(இது போதும்.)

கடை தொடங்கி மூன்று வருஷம். ஒரே தடவையில் ஆறு கம்ப்யூட்டருக்கு மேல் அவர் பூட்டிக் கொடுத்ததில்லை. அடையாறில் அனிமேஷன் வகுப்பு நடத்தும் ராகேஷ், இருபது வேண்டும் என்றார். இது கைநழுவினால் கடையை மூடிவிட்டு, ஈக்காட்டுத்தாங்கலில் விட்டுவிட்டு வந்த சர்வீஸ் சென்டர் வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

ராகேஷோடு ஸ்ரீஹரி வந்திருந்தார். ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டில் இருந்தது. (யாருக்கு, எதற்கு என்று அச்சடிக்க இடம் போதவில்லை.)

3.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அடுத்த வருஷத்து ப்ராஸஸர் இதே போர்டுல ஓடும்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுங்க," என்றார் ராகேஷ். "இன்னொரு கடையில குடுத்துட்டாங்க."

"அது இன்னும் வெளியவே வரலயே சார்."

ஸ்ரீஹரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "லீக் ஆயிடுச்சு மேடம். அதே சாக்கெட். அதே பின் எண்ணிக்கை. ரோட்மேப்ப நான் டீப்பா ஸ்டடி பண்ணியிருக்கேன்."

(ஸ்ரீஹரியைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று பார்த்தேன். அவர் இடம் கொடுக்கவில்லை.)

கமர் ஜஹான் டிராயரிலிருந்து இரண்டு பழைய ப்ராஸஸர்களை எடுத்துப் போட்டார். "அடியில புள்ளி புள்ளியா கீது பாருங்க, அதான் பின்னு. எண்ணிச் சொல்லுங்க சார்."

ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள். ஸ்ரீஹரி எண்ணுவதுபோல் உதட்டை அசைத்துவிட்டு, "சேம்," என்றார்.

கமர் ஜஹான் முதலாவதை மேஜைமேல் கிடந்த போர்டில் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது. அதைக் கழற்றி இரண்டாவதை வைத்தார். அச்சாக உட்கார்ந்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு."

"ஏந்துக்கலயே."

ராகேஷ் சிரித்துவிட்டார். ஸ்ரீஹரி, "போர்டுக்குள்ள இருக்குற பயாஸ் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்தா…" என்று ஆரம்பித்தார்.

"கரெக்ட்டு. வந்தா. 'வந்தா'ன்னே எழுதித் தரட்டா? போர்டு அத அடையாளம் கண்டுக்கணும், அது கேக்குற கரண்ட்ட குடுக்கணும். போர்டு கம்பெனிக்காரன் லிஸ்ட்டுல போட்டாத்தான் சார் தெரியும். பொறக்காத புள்ளைக்கு சட்டய தச்சு, அளவு கரெக்ட்டுன்னு கையெழுத்தும் போடணுமா?"

"அப்ப அந்தக் கடைக்குத்தான் போகணும் மேடம்," என்றார் ராகேஷ்.

சொன்னதில் மிரட்டல் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. ஒரு கையெழுத்து. அடுத்த வருஷம் யார் ஞாபகம் வைத்துக் கேட்கப்போகிறார்கள்? கமர் ஜஹான் பேனாவைத் திறந்தார்.

4.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். கதை விறுவிறுப்பாகப் போகும். "கமர் ஜஹான் கண்களை மூடிக்கொண்டு கையெழு…" வரைக்கும் எழுதியும்விட்டேன்.

நடந்தது வேறு. லெட்டர்ஹெட்டில் நிதானமாக எழுதினார்: "இருபது கம்ப்யூட்டரும் இன்றைய ப்ராஸஸரோடு ஓடும். நின்றால் நானே வந்து பார்ப்பேன். அடுத்த வருஷத்து ப்ராஸஸர் இவற்றில் ஓடுமா என்பது எனக்குத் தெரியாது."

கையெழுத்துப் போட்டார். கடை முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றி, 'தெரியாது' பக்கத்திலேயே பளிச்சென்று குத்தினார்.

வழி கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்ல மனசு வராமல் ஏதாவது ஒரு பக்கம் கையை நீட்டிவிடுகிற ஊர் இது. இங்கே தெரியாது என்பதற்கு முத்திரை குத்தி நான் பார்த்தது அன்றுதான். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. (தட்டவில்லை. ஸ்டூல் ஆடும்.)

ராகேஷ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ரெண்டு நாள்ல சொல்றேன் மேடம்."

படியில் ஸ்ரீஹரியின் குரல் கேட்டது: "கான்ஃபிடென்ஸ் பத்தல."

5.

முடிவு அ: ராகேஷ் திரும்பி வந்து ஆர்டரைக் கொடுக்கிறார். (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: அந்தக் கடையில் வாங்குகிறார், அடுத்த வருஷம் இருபது திரையும் கறுப்பாக… (பழிவாங்குகிற ஆசை. வேண்டாம்.)

முடிவு இ: அந்தக் கடையில் வாங்குகிறார். அடுத்த வருஷம் புது ப்ராஸஸர் ஜம்மென்று ஓடுகிறது. என்னைத் தூங்கவிடாதது இதுதான். அப்போதும் கமர் ஜஹான் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பாகாது. ஆனால் அவர் ஈக்காட்டுத்தாங்கலில் இருப்பார்.

இன்றைக்கு இரண்டாவது நாள். மூன்றில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ராகேஷின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் 'நிச்சயம் ஓடும்', இன்னொன்றில் 'தெரியாது'. கீழே இரண்டு போன் நம்பர்கள்.

கமர் ஜஹான் கடை எட்டு மணி வரை திறந்திருக்கும்.