வணங்காத வெறுந்தலைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தோராம் ஆண்டின் கோடையில், ஒரு சனிக்கிழமை நண்பகல் சாய்ந்து, மிச்சிகன் பேரேரியிலிருந்து எழுந்த ஈரக்காற்று மதுவாலைகளின் புகைபோக்கிகளைத் தழுவி, செங்கல் தேவாலயங்களைக் கடந்து, ஊர்ப்புறத்து விளையாட்டரங்கின் புல்லில் வந்து இளைப்பாறிய வேளையில், அவ்வேரிக்கரை மாநிலத்தில் கொம்பும் முரசும் முழக்கி அணிநடை போடும் இளையோரின் முரசணிகள் முப்பதும் போட்டிக் களத்தின் வாயிலில் தத்தம் முறைக்காகக் காத்து நின்றன. பித்தளைப் பொத்தான்கள் மின்னும் தடித்த மேற்சட்டையும், தாடைக்குக் கீழே வார் இறுக்கிய முழ உயரத் தொப்பியும், அதன் உச்சியில் வெள்ளை இறகுக் கொண்டையுமாக அணிவகுத்து நின்ற அவ்விளையோரைக் காண்பது கண்ணுக்கு விருந்துதான். அந்த உடைக்குள் வெந்துகொண்டிருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

அந்த இறகுக் காட்டின் நடுவே, வெள்ளைச் சட்டையும் கருங்காற்சட்டையும் மட்டும் அணிந்து, தலையில் ஒன்றுமின்றி, கொம்பும் முரசும் கொடியும் ஏந்தித் தொண்ணூற்று நால்வர் நின்றனர். அவர்கள் பெல்டன் ஊரின் மீகாமர் அணியினர். அவர்களை முன்நின்று நடத்துபவள் பெர்னடீன் வோய்டாஸ். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருபத்தோரு வயது நிறைகிறது. அவ்வயது நிறைந்தவர்க்கு எந்த அணியிலும் இடமில்லை. ஏழு ஆண்டுகளாக அணியில் நடந்தும், மாலையில் நிகழும் இறுதிச் சுற்றின் பன்னிரண்டு இடங்களுள் ஒன்றை அவள் ஒருமுறையேனும் எட்டியதில்லை. எட்டினால் இன்று, இல்லையேல் என்றுமில்லை.

தொப்பி போன கதை சிறிது. காற்றடித்தால் சாய்ந்து கண்ணை மறைப்பதும், கொம்பை நிமிர்த்தினால் பின்கழுத்தில் இடிப்பதுமாகிய அந்தச் சுமையை இனி விட்டுவிடலாம் என்று பிள்ளைகள் குளிர்காலத்திலேயே கூடி முடிவெடுத்து, தம்மைப் புரக்கும் முன்னாள் போர்வீரர் மன்றத்தாரிடம் பணிவுடன் கேட்டனர். கேட்டதுதான் குற்றம்! படைவீரன் தொப்பியை மதியாதவனுக்குப் படைவீரன் சட்டையும் வேண்டாம் என்று சொல்லி, போட்டி நாளின் காலையில் உடைகள் அனைத்தையும் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் அப்பெரியோர். பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலும். அவர்களோ ஆளுக்கொரு வெள்ளைச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டனர்.

தொடக்கக் கோட்டில் நின்று ஒவ்வோர் அணியின் உடையையும் ஆய்ந்து குறை எண்ணுபவர், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஹார்லன் ஸ்ட்ரூக். கொடியவர் அல்லர், விதி நூலைத் தவிர வேறு நூலைத் தொடாதவர், அவ்வளவே. வெறுந்தலை ஒன்றுக்குப் புள்ளியில் பத்தில் ஒரு பங்காக, ஒன்பது புள்ளியும் பத்தில் நாலு பங்கும் போய்விடும் என்று அவர் எடுத்துரைத்தபோது பெர்னடீன் தலையசைத்தாள்; அதை அவள் முன்பே கணக்கிட்டிருந்தாள். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

"தொப்பியில்லாத தலை சல்யூட் அடிக்கக் கூடாதும்மா. நீ சல்யூட் அடிக்காம ஆட்டம் தொடங்காது. தொடங்கினா, அது கணக்குலயே வராது."

இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. நடுவர் மேடையை நோக்கி அணித்தலைவி நெற்றிக்குக் கையுயர்த்தி வணங்கிய பின்னரே முதல் அடி விழவேண்டும் என்பது அவர்கள் தாயின் பெயர்போல் அறிந்த வழக்கம். அவ்வணக்கத்துக்கு ஒரு தொப்பி வேண்டும் என்பதை அத்தனை பேரில் ஒருவரும் நினைக்காமல் விட்டார்களே! அடுத்த அணியின் தலைவன் டுவேன் இதைக் கேட்டு, தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஊறிய வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்து அவளிடம் நீட்டினான். நல்ல மனத்தோடுதான் நீட்டினான்.

முரசு வரிசையின் முதல்வன் கஸ் டிரெம்மல் அவள் காதருகே வந்தான். "வாங்கி மாட்டு பெர்னி. ஒரு சல்யூட் அடிச்சிட்டுக் கழட்டிடு. உன் கிரீடம் ஒண்ணும் எறங்கிடாது."

"தொண்ணூத்து மூணு பேரு வெறுந்தலையா நிக்கிறப்ப, நான் மட்டும் இரவல் தொப்பியில நிக்கணுமாடா? அப்புறம் நான் உங்களுக்குத் தலைவி இல்ல, மன்றத்துக்குத்தான்."

டுவேனுக்கு நன்றி சொல்லித் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் களத்தின் நடுவே நடந்து சென்று, நடுவர் மேடைக்கு முகம் காட்டி ஒரு நொடி நின்றாள். கைகள் தொடையோடு ஒட்டியே இருந்தன. பின்னர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன்னவரை நோக்கி இரு கைகளையும் உயர்த்தி இறக்கினாள். முரசுகள் ஒருமித்து இடித்தன. ஸ்ட்ரூக்கின் ஊதல் மூன்றுமுறை அலறியும் கேட்பாரில்லை. இத்தனை ஆண்டும் மூன்றாம் வரிசையில் ஐந்தாவது என்று எண்ணியெண்ணியே தம் பிள்ளையைக் கண்டுகொண்ட பெற்றோர், அன்று முதன்முறையாக முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூவினர். பதினொன்றரை மணித்துளியும் அவர்கள் ஓர் அடி பிசகவில்லை.

ஆட்டம் முடிந்து, பேருந்தின் நிழலில் அமர்ந்து ரொட்டியும் இறைச்சியும் தின்றுகொண்டிருந்தவர்களைத் தேடி ஸ்ட்ரூக் ஒரு தாளோடு வந்தார். நடுவர்கள் வழக்கம்போல் புள்ளியிட்டிருக்கிறார்கள் என்றும், குறைத்தது போக மிஞ்சியதே பன்னிரண்டாம் இடத்துக்குப் போதும் என்றும், மன்றத்தார் மனமிரங்கித் தொப்பிகளை வண்டியில் அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். வணங்காமல் தொடங்கினோம், அதற்கு வருந்துகிறோம், மாலையில் தொப்பி அணிவோம் என்று எழுதிய அத்தாளில் அவள் கையொப்பமிட்டால் இறுதிச் சுற்று அவர்களுடையது. ஏழாண்டு ஏக்கம் ஒரு கையொப்பத் தொலைவில் கிடந்தது. ஆசை இல்லையென்று சொன்னால் அது பொய்.

அவள் அணியினரை நிமிர்ந்து பார்த்தாள். கஸ் எழுந்து வந்து தன் சட்டைப்பையிலிருந்த எழுதுகோலை எடுத்து அவளிடம் கொடுத்தான். வணங்காமல் தொடங்கினோம் என்ற வரியை மட்டும் விட்டுவைத்து, வருத்தத்தையும் தொப்பியையும் அவள் அழுத்திக் கோடிட்டு அடித்தாள். கீழே தன் பெயரை எழுதினாள். தாளைக் கஸ்ஸிடம் நீட்டினாள். அது கைமாறிக் கைமாறி, ரொட்டியின் நெய்ப்பிசுக்கு ஏறி, பின்பக்கமும் நிரம்பித் திரும்பி வந்தது.

ஸ்ட்ரூக் இருபுறமும் படித்தார். "இது மன்னிப்புக் கடிதம் இல்லையேம்மா."

"இல்ல சார். இன்னிக்கு யார் யார் வந்தோம்கிற பட்டியல்."

மாலையில் பதின்மூன்றாம் இடம் பெற்ற அணி அவர்களுக்குரிய இடத்தில் ஆடியது. பெர்னடீன் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து, எவரிடமும் மறைக்காமல், ஊர் வரும்வரை அழுதாள். செவ்வாய்க்கிழமையும் வந்தது, அவளுக்கு வயது கடந்தது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல்வி என்று சொல்ல விரும்புபவர், அத்தாளிலுள்ள தொண்ணூற்று நான்கு பெயர்களையும் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, பிறகு சொல்லட்டும்.