பெரியண்ணனின் இன்னொரு சீட்

சின்னண்ணனின் ஹெல்மெட்டை வாஷிங் மெஷினுக்குள் திணித்து, மேலே நாலு பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் வாலு வெளியே வந்தாள். அண்ணன்மார் பின்னாலேயே திரிந்ததால் வந்த பேர். பதினாறு வயசாகியும் போகவில்லை.

கூடத்தில் பெரியண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றைய ரேஸில் நாலாவது வளைவில் கார் நேராகப் போய் சிமெண்ட் சுவரில் மோதியது. சுவருக்கு முன்னால் டயர் அடுக்குங்கள் என்று ரேஸ் ஓட்டுகிறவர்கள் தொண்டை வற்றக் கேட்டிருந்தார்கள். யாரும் அடுக்கவில்லை.

அம்மா பாத்திரமெல்லாம் கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றாள்.

சின்னண்ணன் காலையிலிருந்து எங்கேயும் உட்காரவில்லை. அறை, வாசல், மறுபடி அறை. பின்னாலேயே வாலு.

"எதுக்குடி ஒட்டிக்கிட்டே வர்ற?"

"சும்மா."

"பாத்ரூமுக்குமா?"

மூணு வருஷமாக அவன் அதே டீமில் மாற்று ஓட்டுநர். 'எனக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிறியாடா?' என்று பெரியண்ணன் அவனைச் சீண்டுவான்.

வாசலில் ரேஸ் சங்கத்துச் செயலாளர் அவன் தோளில் கை போட்டார். "ஞாயித்துக்கிழமை ரேஸ் நிக்காதுப்பா. அண்ணன் பேர்லயே நடத்துறோம். ஒரு நிமிஷம் மௌனம், அப்புறம் கொடி. அவன் இடத்துல நீ."

"டயரு?"

"அடுத்த சீசன்ல பாக்கலாம்."

அவர் நகர்ந்ததும், கூட ஓட்டுகிற நெட்டையன் கிட்டே வந்தான். "நீ கார்ல உக்காந்தா நாங்களும் உக்காரணும்டா. கூடப்பொறந்தவனே ஓட்டுறான், உங்களுக்கென்னன்னு கேப்பாங்க. நீ மாட்டேன்னா ஒருத்தனும் வரமாட்டான்."

வாலு வாஷிங் மெஷின் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. டீம் மெக்கானிக் ஒரு கார் சீட்டோடு இறங்கினார். ஓட்டுகிறவனை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் நுரையை ஊற்றி, அவன் உடம்பு வாகுக்கே இறுகவைத்துச் செய்கிற சீட். பெரியண்ணனுக்கு ரெண்டு இருந்தன. ஒன்று காரோடு போயிற்று.

"கொண்டு வரச் சொன்னாங்க," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "புதுசா ஊத்த நேரமில்லையாம்."

"இங்கயா? அவன் உள்ள படுத்திருக்கானேய்யா!" என்று எகிறினான் நெட்டையன்.

சின்னண்ணன், இறக்குங்க என்று கையைக் காட்டினான். மெக்கானிக் சீட்டைத் தரையில் வைத்தார். அவன் அதில் உட்கார்ந்து சாய்ந்தான்.

பொருந்தக் கூடாது, பொருந்தக் கூடாது என்று வாலுவின் உதடு அசைந்தது. அவன் தோள் இரண்டும் சுகமாக உள்ளே போய் அமர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இடுப்புல இடிக்குது."

"அது ஒண்ணுமில்ல தம்பி, லேசாத் தேய்ச்சா சரியாப் போயிடும்." மெக்கானிக் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

சின்னண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தேய்க்காதீங்கண்ணே."

"ரெண்டு நிமிஷ வேலைப்பா..." என்றார் செயலாளர்.

"தேய்க்க வேணாம்னேன் சார். அது அண்ணன் அளவு."

நெட்டையன் அவன் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தான். வந்திருந்த மற்ற ஓட்டுநர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செயலாளர் கேட் பக்கம் போய் போனை எடுத்தார். "காரெல்லாம் இருக்கு," என்றது அவர் குரல், "ஓட்டத்தான் ஆளில்ல."

சின்னண்ணன் எழுந்தபிறகு மெக்கானிக் சீட்டைத் தூக்கினார். வேனின் பின்பக்கக் கதவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மூடிவிட்டு அதைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் பெல்ட் போடச் சொல்லி பீப், பீப் என்று அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. எட்டி, பெல்ட்டை இழுத்து, அந்தச் சீட்டுக்குக் குறுக்கே மாட்டினார்.