ஹெலிகாப்டரில் ஓர் இடம்

கடவுளே கூப்பிட்டாலும் டாக்கெட் கையெழுத்துப் போடாமல் எவனும் போக முடியாது என்று பட்டாலியனில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. வர்ஜில் டாக்கெட் துப்பாக்கியோடு ஓடியதெல்லாம் கொரியாப் போரோடு சரி. இப்போது அவர் ஆள் நிர்வாகம் பார்க்கும் சார்ஜென்ட். யாரை எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது, யாருக்கு விடுப்பு, செத்தவன் வீட்டுக்குச் சேதி எப்படிப் போவது, எல்லாம் அவர் தலையில்தான் விடியும்.

அறுபத்தெட்டாம் வருடம், மார்ச் மாதம். சைகோனுக்கு வெகு வடக்கே, டாங் ஹா முகாமில் விடாத தூறல். வடக்கே, எல்லையை ஒட்டிய ஒரு குன்றின் மேல் கேப்டன் விட்லோவின் கம்பெனி மாட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எதிரி. மூடுபனி கலையாததால் ஹெலிகாப்டர் போக வழியில்லை. பாதிக் கம்பெனி காலி. மாற்று ஆள் கேட்டு விட்லோ வயர்லெஸ்ஸில் கத்தாத நாளில்லை; டாக்கெட் இல்லையென்று சொல்லாத நாளுமில்லை.

அன்று காலை மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. விட்லோவின் வயர்லெஸ்காரன் ஓரின் ஹாஸ்கலை உடனே போர்முனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவனுடைய அப்பா கொரியாவில் செத்தவர். வேறொரு பட்டாலியனில் இருந்த ஒரே அண்ணன் போன வாரம் சைகோன் பக்கம் செத்துப்போனான். வீட்டில் மிஞ்சிய ஒற்றை ஆண்பிள்ளை. அவனைச் சண்டையில் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம்.

டாக்கெட் வயர்லெஸ்ஸை எடுத்தார். மறுமுனையில் பேசியது ஹாஸ்கலேதான்.

"சொல்லுங்க சார்ஜென்ட். ஆளு அனுப்புறீங்களா, இல்ல வழக்கம்போல ஆறுதல் மட்டும்தானா?"

டாக்கெட் உத்தரவுத் தாளை மடித்து மேசையில் வைத்தார். "கேப்டன்கிட்ட குடுப்பா."

விட்லோ வந்தார். அவர் பேசும் கருவி ஹாஸ்கலின் முதுகில் இருந்தது. பையன் ஒரு முழத் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்; அண்ணன் செத்தது அவனுக்கு இன்னும் தெரியாது.

"சார், உங்க வயர்லெஸ்காரன் கீழ வரணும். மேலிடத்து உத்தரவு."

"விளையாடுறியா டாக்கெட்? பீரங்கிய எங்க அடிக்கணும்னு சரியாச் சொல்றதுக்கு எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான். என்ன காரணம்?"

"இதுல சொல்ற காரணம் இல்ல சார்."

"அப்ப நேர்ல வந்து சொல்லு" என்று விட்லோ வைத்துவிட்டார்.

மதியம் பனி கொஞ்சம் விலகியது. தோட்டாவும் தண்ணீரும் ஏற்றிய ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. டாக்கெட் பட்டாலியன் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பல வருடமாகத் தொடாத தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினார். ஹாஸ்கலின் இடத்தை நிரப்ப அவரிடம் ஆளில்லை. தானே அந்த இடத்தில் நிற்பதென்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார்.

குன்றில் இறங்கியபோதே பக்கவாட்டில் ஒரு குண்டு விழுந்து சேறு தெறித்தது. பெட்டிகளை உதைத்துத் தள்ளினார்கள். காயம்பட்டவர்களைக் குனிந்தபடி தூக்கி ஓடி உள்ளே ஏற்றினார்கள். மெலிந்து தாடி வளர்ந்த உருவம் ஒன்று வயர்லெஸ்ஸைச் சுமந்தபடி வந்தது. அது ஹாஸ்கல்தான் என்று தெரிய டாக்கெட்டுக்குச் சற்று நேரமாயிற்று.

"ஹாஸ்கல், உங்க அண்ணன் போயிட்டாம்ப்பா" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார். இப்படிக் கத்திச் சொல்லும் சேதியா அது! "நீ வீட்டுக்குப் போகணும். இப்பவே."

பையன் அவரை வெறித்துப் பார்த்தான். அழவில்லை.

அப்போது விமானி வெளியே கைநீட்டி ஒரு விரலைக் காட்டினான். இன்னும் ஒருவர்தான், அதற்கு மேல் வண்டி தூக்காது. இருந்த சுமையே அதிகம்.

தரையில் ரென்டரியா என்ற சிப்பாய் கிடந்தான். அரிசோனாவில் செப்புச் சுரங்க ஊர்க்காரன். வயிற்றில் குண்டுச்சில்லு பாய்ந்திருந்தது. கம்பெனிக்கு மருத்துவம் பார்க்கும் பையன் அவன் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தான். டாக்டர் என்பதைச் சுருக்கி டாக் என்றுதான் அந்தப் பையனை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"இவன ஏத்துங்க!" என்று டாக் அலறினான்.

"அடுத்த வண்டி வரைக்கும் தாங்குவானா?" என்றார் டாக்கெட்.

"நான் என்ன சாமியா? தாங்கலாம், தாங்காமலும் போகலாம்!"

டாக்கெட் விட்லோவைப் பார்த்தார். கேப்டனின் கண்கள் குழி விழுந்திருந்தன. "உத்தரவு கொண்டுவந்தது நீ. நீயே முடிவு பண்ணு. செத்தவனையும் பொழச்சவனையும் பிரிச்சுப் பிரிச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

"சுயிய ஏத்துங்க சார்ஜென்ட்" என்றான் ஹாஸ்கல். ரென்டரியாவை அவர்கள் சுயி என்றுதான் அழைப்பார்கள். "நான் நாளைக்கு வரேன். அண்ணன் இனி எங்கயும் போகப்போறதில்ல."

டாக்கெட் அந்த ஒரு கணத்தில் நினைத்தது, முகம் தெரியாத ஒரு தாயை. புருஷனைக் கொடுத்தவள். ஒரு மகனையும் கொடுத்தவள். விமானி அரைமணியில் திரும்பி வருவான், வானம் இப்போதுதானே திறந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வயர்லெஸ்ஸின் வாரைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். ஹாஸ்கல் திமிறினான், அவர் மார்பில் ஓங்கிக் குத்தினான். டாக்கெட் அவனை இடுப்போடு பிடித்து உள்ளே தள்ள, வண்டி எழும்பிவிட்டது.

வானமும் மூடிக்கொண்டது.

அரைமணியில் வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை. டாக்கெட் வயர்லெஸ்ஸை முதுகில் கட்டிக்கொண்டு, மறந்துபோன வித்தையை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பீரங்கிக்கு இலக்குச் சொன்னார். ஒருமுறை தவறாகச் சொல்லி, குண்டு சொந்தப் பதுங்குகுழிகளை ஒட்டி விழுந்தது. விட்லோ அவரைத் திட்டக்கூட இல்லை. இடையிடையே ரென்டரியாவின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"சார்ஜென்ட், ஹவாய்க்கு லீவு கேட்டிருந்தேனே. என் பொண்டாட்டி அங்க வரேன்னிருக்கா. ஆச்சா?"

அந்த விண்ணப்பத்தை, கம்பெனியில் ஆளில்லை என்று ஓரமாக வைத்திருந்தவர் டாக்கெட்தான்.

"ஆயிடுச்சுப்பா. அடுத்த வாரம்."

"நீங்க இவ்ளோ சீக்கிரம் வேல பாப்பீங்கன்னா எவனும் நம்பமாட்டான்" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். தண்ணீர் கேட்டான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் தரக் கூடாது. டாக் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டான். அடுத்த வண்டிச் சத்தம் கேட்பதற்கு வெகுநேரம் முன்பே ரென்டரியாவின் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் பகலில் வந்த ஹெலிகாப்டரில் விட்லோ டாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார்; ரென்டரியாவின் உடலோடு அவர் முகாமில் இறங்கினார். இறங்குதளத்தின் ஓரத்தில், மருத்துவக் கூடாரத்தருகே ஹாஸ்கல் நின்றுகொண்டிருந்தான். குளித்திருந்தான், புதுச் சீருடை. ஊருக்குப் போகும் முதல் விமானத்தில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டானாம்.

"சுயி எங்க?"

டாக்கெட் ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் இறக்கிய நீளமான பையைப் பார்த்துவிட்டு அவனே புரிந்துகொண்டான். தன்னை அடிப்பான் என்று டாக்கெட் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"நான் ஏத்தச் சொன்னேனே" என்றான், குரல் எழும்பாமல். "கேட்டீங்கல்ல? சொன்னேனே."

"உங்க அம்மா காத்துக்கிட்டிருக்காங்க ஓரின்."

"அவன் அம்மா?"

ஹாஸ்கல் குனிந்து பையின் தலைமாட்டைப் பிடித்தான். டாக்கெட் கால்மாட்டைப் பிடித்தார். இருவரும் பேசாமல் தூக்கிப்போய் வைத்தார்கள். பிறகு அவன் லாரியில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவேயில்லை.

பட்டாலியன் தலைவரிடம் டாக்கெட் நேராகப் போனார். "என்னை விட்லோ கம்பெனிக்கே மாத்திடுங்க சார்."

"குண்டு எங்க விழுந்துச்சுன்னு விட்லோ சொன்னார்" என்றார் தலைவர், கண்ணை உயர்த்தாமல். "உனக்கு அங்க வேலையில்ல. புது ஆளுங்க வந்திருக்காங்க, வெளிய நிக்கிறாங்க. போய்ப் பிரிச்சு அனுப்பு. விட்லோவுக்கு இன்னைக்கே ஒரு வயர்லெஸ்காரன் போகணும்."

வெளியே தூறலில் ஒரு கூட்டம் நின்றது. எல்லாம் சேறு படாத பூட்ஸ். டாக்கெட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் நெருங்க நெருங்கச் சிலர் நிமிர்ந்து நின்றார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வயர்லெஸ் தெரிஞ்சவங்க யாரு?" என்றார்.

கண்ணாடி போட்ட ஒருவன் பெருமையோடு கையைத் தூக்கினான்.

"உங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளைங்க எத்தன பேருப்பா?" என்று கேட்டார் டாக்கெட்.