தன்னை எடை போட மறந்தவர்

கார்பின் கிரீக் தானியக் கிடங்கின் எடைமேடையில் வெர்லினை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். சோள லாரி ஒரு மூட்டை கூடுதலாக ஏற்றி வந்தாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் போன ஆகஸ்டில் ஒரு தலைகுனிவு. மாவட்டக் கண்காட்சிக் குதிரைப் பந்தயத்துக்கு மனைவி லடோனாவையும் அவளுடைய குதிரை பிஸ்கட்டையும் அழைத்துப் போகும்போது, காற்றாடி மேட்டின் பாதி ஏற்றத்தில் பழைய பிக்கப் வண்டி மூச்சை விட்டது. கியர் பெட்டி போயே போய்விட்டது. வெயில் கொளுத்தியது. லடோனா தன் குடிதண்ணீரைத் தொப்பியில் ஊற்றிக் குதிரைக்குக் கொடுத்தாள். மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடும் அந்தப் பந்தயம் அவள் இல்லாமலேயே முடிந்தது. அவள் அவரைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தாலாவது வெர்லின் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இந்த வருஷம் என்ன ஆனாலும் அவள் ஓட வேண்டும் என்று மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

பழைய வண்டியை எப்படியோ ஒட்டுப்போட்டு குளிர்காலத்தை ஓட்டினார்கள். வசந்தம் வந்ததும் புது பிக்கப் தேடும் படலம் ஆரம்பமானது. லடோனாவின் அண்ணன் கேலன் கூப்பிடாமலேயே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, யோசிக்கவே யோசிக்காத. என்னுது மாதிரி பெரிய டீசல் வாங்கு. வீட்டையே கட்டி இழுக்கலாம்."

"நீ எந்த வீட்டை மச்சான் இழுத்த? தபாலாபீஸுக்கும் காபிக் கடைக்கும்தான போற?"

"அதான் பிரச்சனையே," என்றார் கேலன், குரல் இறங்கி. "கிட்டக்கிட்ட ஓட்டினா புகை வடிகட்டி அடைச்சுக்குதாம். விளக்கு எரியுது. ஞாயித்துக்கிழமை ஆனா நெடுஞ்சாலையில கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வர வேண்டியிருக்கு."

"நாயை உலாத்தக் கூட்டிட்டுப் போற மாதிரியா?" என்று சமையலறையிலிருந்து லடோனா கேட்டாள்.

வெர்லினின் வீட்டுக்கும் கிடங்குக்கும் இரண்டே மைல். வண்டி சூடாவதற்குள் வேலைக்கு வந்து சேர்ந்துவிடுவார். டீசல் வேண்டாம், முழு அளவு பெட்ரோல் வண்டிதான் என்று அன்றே முடிவானது. மீதியை எடைமேடை சொல்லட்டும் என்றார் வெர்லின்.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தார்கள். பழைய வண்டிக்குப் பின்னால் கட்டிய ட்ரெய்லரில் பிஸ்கட். கூடவே டீக்கன் என்ற கிழட்டுக் கழுதை; அது பக்கத்தில் இல்லாவிட்டால் பிஸ்கட் ட்ரெய்லரில் கால் வைக்காது. பிக்கப்பின் பின்தட்டில் சேணம், கருவிப் பெட்டி, வைக்கோல், லடோனா புதிதாக வாங்கிய பெரிய தண்ணீர்ப் பீப்பாய். அவள் வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினாள். வெர்லின் வழக்கம்போல் கூண்டுக்குள் போய் எண்ணைப் படித்தார். வண்டியோடு கோக்கும் ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பை எவ்வளவு அழுத்துகிறது என்று கழித்துக் கூட்டிக் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கோடு வண்டிக் கடைக்குப் போனார்கள். விளம்பரத்தில் எவ்வளவு இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை வெர்லின் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கதவைத் திறந்து, உள்விளிம்பில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைப் படித்தார். ஆட்கள், சாமான், ட்ரெய்லர் மூக்கின் அழுத்தம் எல்லாம் சேர்த்து வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதில்தான் இருக்கும். விற்பனைப் பெண்ணே அசந்துபோனாள்.

சாதாரண வண்டியில் அவர் கணக்குப் போட்ட பாரத்துக்கு இடம் தாராளமாக இருந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண், பக்கத்தில் நின்ற சிவப்பு வண்டியில் வெர்லினைச் சும்மா உட்காரச் சொன்னாள். இருக்கையிலிருந்து குளிர்காற்று கிளம்பி அவருடைய முதுகைத் தடவியது. தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை திறந்து வானம் தெரிந்தது. மனுஷன் அப்படியே சொக்கிப்போனார்.

"இதுல சொகுசு கூட, அதனால தாங்குற எடை குறையும்ல?" என்றாள் லடோனா.

"குறையும்தான். ஆனா என் கணக்குக்குச் சரியா இருக்கு. எடை விஷயத்துல எனக்கே பாடமா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். சிவப்பு வண்டி வீட்டுக்கு வந்தது. அதன் சாவியை மட்டும் அவர் அவளிடம் கொடுக்கவே இல்லை, கீறல் விழுந்துவிடுமாம்.

கண்காட்சி நாளும் வந்தது. நேராகப் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. கிடங்கு வாசலில் காபிக் கோப்பையோடு நின்ற கும்பலுக்கு எதிரில் வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினார். கூண்டில் அன்றைக்கு அவருடன் வேலை பார்க்கும் மார்வா இருந்தாள்.

"படி மார்வா! எல்லாருக்கும் கேக்கட்டும்!"

மார்வா படித்தாள். கும்பலில் ஒருவன் விசிலடித்தான். வெர்லின் இறங்கிக் கதவுச் சீட்டைப் பார்த்தார், பலகையில் ஒளிர்ந்த சிவப்பு எண்ணைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். சீட்டில் போட்டிருந்ததைவிடப் பாரம் கூடியிருந்தது.

"மேடை கெட்டுப்போச்சா?"

"மேடை கெடலப்பா," என்றாள் மார்வா. "அன்னைக்கு எடை போட்டப்ப நீ எங்க இருந்த?"

இருபது வருஷமாக ஊரையே எடை போட்ட மனிதர், அன்றும் கூண்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். கழுதையைக்கூடக் கணக்கில் சேர்த்தவர் தன்னைச் சேர்க்கவில்லை. அவரோ லேசான ஆளும் இல்லை.

கும்பல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "திருப்பி அனுப்பு மார்வா! தலையை ஆட்டு!"

வைக்கோலையும் கருவிப் பெட்டியையும் பின்னால் வந்த கேலனின் வண்டிக்கு மாற்றினார்கள். அப்போதும் கூடுதல்தான். சேணம் பந்தயத்துக்கு வேண்டும்; மிச்சம் இருந்தது தண்ணீர்ப் பீப்பாய்.

"அதையும் இறக்கிக் கொடும்மா," என்றார் கேலன். லடோனா பின்தட்டருகே போய்ப் பீப்பாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

போன வருஷம் தொப்பியில் ஊற்றிய தண்ணீர் வெர்லினுக்கு ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நான் மச்சான் கூட வர்றேன். நீ கிளம்பு, நேரமாச்சு."

"கீறல் விழுந்துட்டா?"

"விழட்டும் போ."

காற்றாடி மேட்டில் சிவப்பு வண்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அலுங்காமல் ஏறியது. உச்சியில் லடோனா ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினாள். பின்னால் கேலனின் டீசலுக்குள், அவருடைய மூட்டுவலிக் கதையைக் கேட்டபடி வந்த வெர்லின் குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

கண்காட்சித் திருப்பம் வந்தது. கேலன் திரும்பவில்லை.

"மச்சான், வழி அது!"

"விளக்கு எரியுது மாப்ள. இன்னும் கொஞ்சம் இதே வேகத்துல ஓட்டினா வடிகட்டி சுத்தமாயிடும். இப்ப நிறுத்தினா அவ்வளவு நேரம் ஓட்டினது வீண்."

"உன் வடிகட்டில இடி விழ!"

ஒரு வழியாக விளக்கு அணைந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் லடோனாவின் பெயர் முழங்கியது. வெர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, புழுதியில் அத்தனை வண்டிகளுக்கும் நடுவே ஓடினார். வேலியை எட்டிப் பிடித்தபோது பிஸ்கட் கடைசிப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. லடோனாவின் ஜடை பறந்தது. எத்தனையாவதாக வந்தாள் என்பது அவர் காதில் விழவே இல்லை. கண்ணைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

சாயங்காலம் வெர்லின் கேலனின் வண்டியைத் தேடி நடந்தார். பின்னால் ஹாரன் சத்தம். லடோனா சிவப்பு வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்தட்டில் பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது.

"குதிரையும் கழுதையும் குடிச்சு முடிச்சாச்சு. இப்ப உனக்கு இடமிருக்கு. ஏறு."

வெர்லின் ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்தார். அவள் தன் இருக்கையின் குளிர்காற்றை இன்னும் ஒரு படி கூட்டி வைத்தாள்.

"அந்தப் பக்கம்," என்றாள்.