கலக்கக் கூடாத காசு

புங்கோமா ஊரின் வாடகை பைக் ஸ்டாண்டில் சவாரி ஓட்டும் சிமியுவுக்கு வாத்தியார் என்று பெயர். அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. விமான ஆட்டத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாத ஒரே ஆள் என்பதால் வந்த பட்டம் அது. போன் திரையில் குட்டி விமானம் ஒன்று ஏறும். ஏற ஏறப் போட்ட காசு பெருகும். அது சட்டென்று பறந்து மறைவதற்குள் பொத்தானை அழுத்தினால் காசு கைக்கு வரும், இல்லையென்றால் போட்டது போச்சு. மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்திருப்பார்கள். சிமியு ஒன்றரை மடங்கில் அழுத்திவிடுவான். ஒரு நாளைக்கென்று வைத்த முந்நூறு ஷில்லிங் தீர்ந்தால் போன் சட்டைப்பைக்குள் போய்விடும்.

சம்பாதிப்பதையும் அவன் போனுக்குள்ளேயே பிரித்துப் போட்டிருந்தான். சாப்பாடு, பெட்ரோல், வாடகை, மருந்து, விளையாட்டு. "ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குக் கை நீண்டுச்சோ, அன்னிக்கே நீ காலி" என்பான். இளவட்டங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். தோற்ற பிறகும் தலையாட்டுவார்கள், வாத்தியார் சொன்ன விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள்.

சந்தையில் தக்காளி விற்கும் பெண்கள் அவன் மனைவி நெலிமாவிடம், "கொடுத்து வச்சவ நீ. எங்காளு பைக்கையே அடகு வச்சுட்டான்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டுப்பாடு என்ற பெயரில் ஒரு கஞ்சன் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதை அந்தப் பெண்களுக்கு எப்படிச் சொல்வது?

அது கரும்புக் காட்டைக் கொளுத்தும் காலம். ஊர் முழுக்கப் புகை. மகள் நஃபுலாவுக்கு மதியத்திலிருந்தே மூச்சு இழுத்தது. இன்ஹேலரை அழுத்தினால் வெறும் காற்று வந்தது. நெலிமா கணவனுக்குப் போன் போட்டாள். ஆட்டத்தின் நடுவில் அவன் யார் அழைத்தாலும் எடுப்பதில்லை, அதுவும் ஒரு விதி. பிள்ளையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு விட்டுவிட்டு, ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

சிமியு பைக்கின் மேல் சாய்ந்திருந்தான். நாலைந்து பேர் அவன் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்ஹேலர் தீர்ந்துபோச்சு. பிள்ளைக்கு முடியல. அறுநூறு ஷில்லிங் குடு" என்றாள்.

"மருந்துக் காசு போன வாரமே முடிஞ்சுதே. இனிமே ஒண்ணாந்தேதிதான்."

"விளையாட்டுல எவ்வளவு இருக்கு?"

"நாலாயிரத்துச் சொச்சம்" என்றான். அதைச் சொல்லும்போது குரலில் பெருமை வேறு.

"அதுல எடு."

"அதைத் தொடக் கூடாது, நெலிமா. இன்னிக்கு மருந்துக்குன்னு எடுப்பேன். நாளைக்குச் சாப்பாட்டுக் காசை எடுத்து இதுல போடுவேன். எல்லாரும் இப்படித்தான் அழிஞ்சாங்க. சாயங்காலம் ரெண்டு சவாரி வந்தா பார்க்கலாம். கொஞ்சம் இரு, ஆட்டம் ஓடுது."

கோபமாகச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். பாடம் நடத்துவதுபோலச் சொன்னான். தோற்றுப்போனவன் கையில் காசில்லை என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். இவன் கையில் இருந்தது.

பைக் கண்ணாடியில் தொங்கிய அவன் ஹெல்மெட்டை நெலிமா எடுத்தாள். சாவு, விபத்து, ஆஸ்பத்திரி என்றால் அந்த ஸ்டாண்டில் ஹெல்மெட் சுற்றி வரும், ஆளாளுக்கு முடிந்ததைப் போடுவார்கள். நல்லபடி சம்பாதிக்கிறவன் கண்ணெதிரே அவன் பெண்டாட்டியே சுற்றியதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. அவள் அதை முதலில் கெம்பாவிடம் நீட்டினாள். வாத்தியாரின் முதல் சீடன் அவன்.

"அண்ணி, எங்கிட்ட இருக்கறது விளையாட்டுக் காசு மட்டுந்தான்" என்று இழுத்து, வாத்தியாரைப் பார்த்தான்.

"அதைத்தான் கேக்கறேன். பிள்ளைக்கு மூச்சு நிக்கப் போகுது. போடறியா, அவர்கிட்டக் கேட்டுட்டு வறியா?"

கெம்பா தலையைக் குனிந்துகொண்டு ஒரு நோட்டைப் போட்டான். அடுத்தவனும் போட்டான்.

"என் மானத்தை வாங்காதே. ஹெல்மெட்டைக் குடு" என்றான் சிமியு.

"உன் மானத்துக்கு எதுல காசு ஒதுக்கியிருக்கே?"

யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிமியுவின் கட்டைவிரல் தவறவில்லை, ஒன்றரை மடங்கில் அழுத்தினான். "பாத்தியா, ஜெயிச்சாச்சு" என்றான்.

"அப்ப அதையாவது எடுத்துக் குடுங்க, வாத்தியாரே" என்றான் கெம்பா.

"ஜெயிச்சதை ஞாயித்துக்கிழமைதான் வெளியே எடுக்கணும். உனக்கே சொல்லித் தந்திருக்கேனே."

இந்த முறை ஒருவனும் தலையாட்டவில்லை.

ஹெல்மெட்டில் அறுநூறுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. நெலிமா நோட்டுகளைச் சுருட்டிக்கொண்டு, வெறும் ஹெல்மெட்டை அவன் மடியில் போட்டாள். சிமியு வண்டியைக் கிளப்பினான். "ஏறு, கடைக்குக் கொண்டுபோய் விடறேன்."

"பெட்ரோல் சவாரிக்கு ஒதுக்கினது. நான் ஏறினா கலந்துபோயிடும்."

கெம்பாவின் பக்கம் திரும்பினாள். "மருந்துக் கடைக்குப் போய் வீட்டுக்கு வரணும். வாடகை எவ்வளவு?"

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் நிற்கும்போது அவன் மனைவியை இன்னொருவன் ஏற்றிப் போவதில்லை. முன்பொருமுறை அதற்காகச் சிமியுவே ஒருவனின் மூக்கை உடைத்திருக்கிறான். கெம்பா அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியை முன்னால் உருட்டி, "சும்மா ஏறுங்க அண்ணி" என்றான்.

"சும்மா வேண்டாம். காசு குடுத்துத்தான் வருவேன்."

சிமியு வண்டி மேல் உட்கார்ந்தே இருந்தான். அவன் கையிலிருந்த போனில் அடுத்த ஆட்டம் தொடங்கியிருந்தது, அதை எட்டிப் பார்க்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

வீட்டில் நஃபுலாவின் உதடு வெளிறிப்போயிருந்தது. இரண்டு முறை மருந்தை உறிஞ்சிய பிறகு மெல்ல மெல்ல மூச்சு சீரானது. நெலிமா அப்போதுதான் அழுதாள். வாசலில் கெம்பாவின் வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"அது அப்பா வண்டி இல்லையே" என்றாள் பிள்ளை.

"இல்லை."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வாடகையை எண்ணிக் கெம்பாவின் கையில் வைத்தாள். தினமும் நஃபுலாவைப் பள்ளியில் விடுவது சிமியுதான். பிள்ளை அவன் முதுகைக் கட்டிக்கொண்டு போவதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"நாளைக்குக் காலையில வா. ஸ்கூலுக்கு இனி நீதான் கூட்டிட்டுப் போகணும்."

கெம்பா தயங்கினான். "வாத்தியார் கேட்டா என்ன சொல்றது அண்ணி?"

"சவாரி நேரத்தையும் பிள்ளையையும் இனிமே கலக்க வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லு."