கமராவில் விழாத மனிதர்

மேர்வின் லண்டனுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து சிவமலருக்குச் சோறு இறங்கவில்லை. மேர்வின் அவளுக்குச் சொந்தமுமில்லை, அயலுமில்லை. ஒரு காலத்தில் ஊரை ஆட்டிப்படைத்த அரசாங்கத்தின் புலனாய்வுத் தலைவர். அந்த அரசாங்கம் கடைசியில் அவரையே சந்தேகிக்கத் தொடங்கியதும், நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு லண்டன் சட்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? அதுதான் இல்லை.

நோர்பரியில் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து யூடியூப் சானல் நடத்துகிற நிர்மலன் அவரைப் பிடித்து உட்கார வைத்து வாராவாரம் பேச வைத்தான். திட்டினவர்களும் பார்த்தார்கள். திட்டுவதற்காகவே பார்த்தவர்கள்தான் அதிகம். ஆள் சிங்களவர் என்றாலும், வடக்கில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தபோது பழகிய தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. தபால் கந்தோரில் தண்ணீர் கொதிக்கிற கேத்தில் ஆவியில் கடிதங்களைப் பிரித்த காலம், தலைநகருக்கு மாற்றலாகிப் போன காலம், ஜனாதிபதியின் மேசைக்கு நேரே அறிக்கை கொண்டுபோன காலம் என்று, தான் ஏறின படிகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிச் சொன்னார். தனக்கு மேலே இருந்த மூன்று பேர் கவிழ்ந்தும் தான் கவிழவில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. அவர் திறந்த கடிதங்களால் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று நிர்மலன் கேட்டபோது மட்டும் மனிதர் பதிலுக்குத் தண்ணீர் கேட்டார்.

தன்னைத் தலைவர் கதிரையில் ஏற்றிவைத்தது லண்டனிலிருந்து வந்த தகவல்தான் என்று ஒரு வாரம் சொன்னார். லண்டன் தமிழர்களுக்குள்ளே தனக்கு ஒரு ஆள் இருந்ததாம். கோப்பில் அதற்குப் பெயர் ‘கிளி’. கிளி யார் என்பதைக் கடைசிப் பகுதியில், அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு எழும்பிப் போனார்.

சிவமலர் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கிளி தன் புருசன் சண்முகராசா என்றுதான் லண்டனில் பாதிப் பேர் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கதை தொடங்கியது இராஜேந்திரனின் தம்பியால். இராஜேந்திரன் அப்போது தென் லண்டனில் ஒரு சங்கத்தின் தலைவர். தகப்பனின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போன தம்பியை விமான நிலையத்திலேயே மறித்து, மேசையில் ஒரு படத்தை வைத்தார்கள். லண்டனில் சங்கத்து ஆட்களோடு ஒரே பந்தியில் இருந்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற படம். இரண்டு வருசம் உள்ளே கிடந்து, ஒரு காது கேளாமல் வெளியே வந்தான். இப்போது கனடாவில் இருக்கிறான்.

படம் எப்படிப் போனது? காட்டிக்கொடுத்தவன் எவன்? ஆளாளுக்கு யோசித்தபோது ஒருவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கலியாண வீடோ பிறந்தநாளோ, வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தால் சண்முகராசா பாதி வடையோடு எழும்பிப் போய்விடுவார். ஒரு வீடியோக் கசற்றிலும் அவர் முகம் இல்லை. மடியில் கனமில்லாத மனிதன் ஏன் ஓட வேண்டும்? அன்றிலிருந்து அவர் வந்தால் கதை மாறும். அழைப்பிதழ் பிந்தி வரும், பிறகு வராது. முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்கவில்லை, அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஹவுன்ஸ்லோவில் இருந்து விமானச் சாப்பாடு கட்டுகிற வேலைக்குப் போவார், வருவார்.

அவருக்காக சிவமலர் ஊரோடு மல்லுக்கு நின்றாள். கோயிலில் இரண்டு பெண்களோடு கதைப்பதையே விட்டுவிட்டாள். ஆனால் ஒன்றை ஒருவருக்கும் அவள் சொன்னதில்லை. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கமராவைக் கண்டு அவர் ஏன் ஓடினார் என்பது அவளுக்கும் தெரியாது. கேட்டு, அவர் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது? அதனால் அவளும் கேட்காமலே விட்டுவிட்டாள்.

இந்த இலட்சணத்தில்தான் மகள் தனுஷியா, வேறு ஆளே கிடைக்காதது போல, இராஜேந்திரனின் மகன் தர்சிகனை விரும்பினாள். பிள்ளைகள் உறுதியாக நின்றதில் இராஜேந்திரன் ஒருவாறு இறங்கி வந்திருந்தார். கிளிக் கதை வந்ததும் தொலைபேசி எடுத்தார்.

“அக்கா, கலியாணக் கார்ட் அடிக்கிறதைக் கடைசிப் பகுதி முடியப் பாப்பம். குறை நினையாதேங்கோ. என்ரை தம்பி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்தானே.”

“அம்மா, நாங்கள் ரெஜிஸ்டர் பண்ணுறம், அங்கிள் வந்தால் வரட்டும்” என்றாள் தனுஷியா. சொல்வது சுகம். தகப்பனின் பெயர் ஊர் முழுக்க நாறிய பிறகு எந்தப் பிள்ளைக்குக் கலியாணம் இனிக்கும்?

ஞாயிறு பின்னேரம் நோர்பரி அறையில் கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். வெளியே நடைபாதையில் நாலு பேர் பதாகையோடு நின்று மேர்வினைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்; அது நியாயம்தான். சிவமலர் தனியாக வரத்தான் நினைத்திருந்தாள். ஆனால் சண்முகராசா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, “நானும் வாறன்” என்று கார்ச் சாவியை எடுத்துவிட்டார். அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. முன்வரிசையில் இருந்த இராஜேந்திரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார்.

மேர்வின் நேரில் பார்க்கச் சிறிய மனிதர். கார்டிகன் போட்டு, கைத்தடியை முழங்காலில் சாய்த்து வைத்திருந்தார். கிளியைப் பற்றிக் கேட்டால் ஜனாதிபதி தனக்குத் தோளில் தட்டின கதையைச் சொன்னார். மறுபடி கேட்டால் பதக்கம் வாங்கின கதை. சனம் இருந்த இருப்பில் நெளிந்தது. சிவமலரால் அதற்கு மேலே ஏலாமல் போயிற்று. எழும்பிவிட்டாள்.

“ஐயா, உங்கடை பதக்கக் கதை போதும். சண்முகராசா எண்ட பேர் உங்கடை வாயிலை வருமெண்டால் இப்பவே வரட்டும். நான் அவற்றை மனுசி.”

பக்கத்தில் சண்முகராசா தன் சப்பாத்து நுனியைப் பார்த்தபடி இருந்தார். மேர்வின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

“ஹவுன்ஸ்லோ சண்முகராசாவோ?”

இருக்கிற இடம்கூடத் தெரிந்து வைத்திருக்கிறான், எல்லாம் முடிந்தது என்று சிவமலர் நினைத்தாள். கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேரை நான் மறக்கமாட்டன்” என்றார் மேர்வின். “உங்களையும் தெரியும், அம்மா. மஞ்சள் சேலை, இடுப்பிலை ஒரு பிள்ளை. மேடையிலை மைக் பிடிக்கிறவர் ‘ஹவுன்ஸ்லோ சண்முகராசா குடும்பத்தினர்’ எண்டு கூப்பிடுவார். நீங்கள் மட்டும் ஏறுவியள். பக்கத்திலை எப்பவும் ஒரு இடம் வெறுமையாய் இருக்கும்.”

“நீங்கள் எப்பிடிப் பாத்தனீங்கள்?” என்று நிர்மலன் குறுக்கே விழுந்து கேட்டான்.

மேர்வின் சிரித்தார். இத்தனை வருசம் வைத்திருந்த சீட்டை இறக்குகிறவனின் சிரிப்பு அது. “வீடியோவிலை. கிளி எண்டு ஒரு ஆள் இல்லை, தம்பி. லண்டனிலை எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லை. ஆள் வைக்க எங்களிட்டை வசதியும் இல்லை. நீங்கள்தானே கலியாணம், சாமத்தியவீடு, சங்கக் கூட்டம் எல்லாத்தையும் கசற்றிலை எடுத்து, ஊரிலை இருக்கிற அம்மா அப்பாவுக்குப் பார்சல் கட்டி அனுப்பினீங்கள். தபாலிலை நாங்கள் பிரிச்சுக் கொப்பி எடுத்துப்போட்டு, பழையபடி ஒட்டி விட்டம். உங்கடை வீடியோக்காரர் ஒரு பந்தியிலை ஒரு முகத்தையும் விடமாட்டார். வாயைத் திறந்து சோறு வைக்கிறது வரைக்கும் கிட்டப் போய் எடுப்பார். மேடைக்கு ஏறுறவரின்ரை பேர், ஊர், எல்லாம் மைக்கிலை சொல்லுவீங்கள். இதைவிட எந்த உளவாளி வேலை செய்வான்?”

நிர்மலன் மைக்கை அவருக்கு இன்னும் கிட்ட நகர்த்தினான்.

“ஜனாதிபதி கேட்டார், ஆர் உன்ரை ஆள் எண்டு. உங்களுக்கும் சொல்லமாட்டன் எண்டு நான் மறுத்தன். அந்த ரோசத்துக்குத்தான் என்னைத் தலைவராக்கினார். கசற் பாக்கிறன் எண்டு சொல்லியிருந்தால் தபால் கந்தோருக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.”

“அப்ப சண்முகராசா?” சிவமலரின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அவர்தான் எனக்குத் தலையிடி. அத்தனை கசற்றிலும் கதவாலை வெளியிலை போற ஒரு கை. வெள்ளைச் சேர்ட். முகம் இல்லை. இப்பிடி ஒளிக்கிறவன்தான் எல்லாருக்கும் பெரியவன் எண்டு நான் எழுதி வைச்சன். லண்டனிலை எல்லாரையும் எனக்குத் தெரியும். அவரைத்தான் கடைசி வரைக்கும் தெரியாது.”

முதலில் யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சிவமலருக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்து போனது போல இருந்தது. அப்படியே கதிரையில் இருந்து, அழுதாள். நன்றாக அழுதாள்.

இராஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி நின்றார்.

“என்ரை தம்பியின்ரை படம்?”

மேர்வின் பேர் ஊரைக் கேட்டுச் சற்று யோசித்தார். “அது ஒரு வீடு குடிபூரல். நீல விரிப்புப் போட்ட பந்தி.”

நீல விரிப்பு விரித்தது இராஜேந்திரன் தன் சொந்த வீட்டில் குடிபுகுந்த அன்று, அந்தக் குடிபூரலில். அந்தக் கசற்றை ஊரிலிருந்த தாய்க்கு, தானே நாடா ஒட்டி, தபாலில் போட்டவரும் அவர்தான். இந்த ஒரு நிமிடத்துக்காகச் சிவமலர் எத்தனையோ வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

எழும்பிப் போனது சண்முகராசா. இராஜேந்திரனின் கையைப் பிடித்தார்.

“அம்மாவுக்குக் காட்டத்தானே அனுப்பினீர். பிழை உம்மடை இல்லை. பார்சலைப் பிரிச்சவன்ரை பிழை.” இதைச் சொல்லும்போது மேர்வினை ஒரு தரம் நேராகப் பார்த்தார். மேர்வின் கைத்தடியைத் தேடினார்.

“அண்ணை...” என்றார் இராஜேந்திரன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கே கார்ட் அடிக்கக் குடுப்பம்” என்றார்.

வீடு திரும்பும்போது மழை தூறியது. கோலியர்ஸ் வுட் கழிந்ததும் கார் ஒரு சந்தியில் நின்றது. பிறகு சிவமலர் கேட்டாள். இத்தனை காலம் கேட்காததைக் கேட்க அவளுக்கு ஒரு சிவப்பு விளக்கு வேண்டியிருந்தது.

“இஞ்சேருங்கோ, ஏன் கமராவைக் கண்டு ஓடினனீங்கள்?”

“ராம்கி” என்றார் அவர்.

“எந்த ராம்கி?”

“என்ரை சுப்பவைசர். இந்தியாக்காரன். சனி ஞாயிறு லீவு கேட்டால், ‘ஆமா, உனக்கு மட்டும் வாரா வாரம் கல்யாணம்’ எண்டு கத்துவான். நீர் ஒரு விசேசத்துக்கும் தனியப் போகமாட்டன் எண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருப்பீர். அதாலை காய்ச்சல் எண்டு வேலைக்குப் போன் பண்ணிப்போட்டு, லீவு கிடைச்சது எண்டு உமக்குச் சொன்னனான். அவன்ரை மனுசி ஹவுன்ஸ்லோ வீடியோக் கடையிலை எங்கடை ஆக்கள் கொப்பியெடுக்கக் குடுக்கிற கலியாணக் கசற்றுகளை ஒண்டு விடாமல் எடுத்துப் பாக்கிறவ. காய்ச்சல்காரன் வடை சாப்பிடுறதைக் கண்டால் வேலை போயிருக்கும்.”

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்தின கையையும் மீறி வந்தது. வயிறு நோகச் சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. ஒரு தேசத்தின் புலனாய்வுப் பிரிவே தேடின மனிதன் ராம்கியின் மனுசிக்குப் பயந்து ஓடியிருக்கிறான்.

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பயத்திலைதான் சொல்லேல்லை. நான் சொல்லி நீர் நம்பாமல் விட்டால் எண்டு.”

அவள் சிரிப்பு நின்றது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் மனதில் ஒளித்து வைத்ததை, பக்கத்திலேயே படுத்து எழும்பின மனிதர் இத்தனை காலமும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“ஓம். அப்ப நம்பியிருக்கமாட்டன்.”

“தெரியும்” என்றார் அவர், கோபமில்லாமல். “ஒரு புலனாய்வுக்காரன் வந்து சொல்லத்தானே உமக்கு என்னிலை நம்பிக்கை வந்தது.”

அது சுட்டது. ஆனாலும் ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்பதில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. கியரில் இருந்த அவர் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். விளக்கு பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

“கலியாணத்துக்கு வீடியோக்காரன் வருவான்” என்றாள்.

“வரட்டும்” என்றார் சண்முகராசா. “இந்தமுறை அந்த வடையை முழுசாய்ச் சாப்பிடப் போறன்.”